வியாசர்பாடி அத்தோ வண்டிக்குப் பழைய இடத்தையே திரும்பத் தரக் கோரும் மனு

அனுப்புநர்
அத்தோ (பர்மா நூடுல்ஸ்) தள்ளுவண்டிக் கடை நடத்தும் பெண் வியாபாரி,
வியாசர்பாடி, சென்னை.

பெறுநர்
உயர்திரு மண்டல அலுவலர் அவர்கள்,
மண்டல அலுவலகம், வடசென்னை.

பொருள்: மழைநீர் வடிகால் வேலைக்காகக் கால்வாய் ஓரத்துக்கு மாற்றப்பட்ட என் வண்டியை, எருக்கஞ்சேரி நெடுஞ்சாலை பஸ் ஸ்டாப் அருகே பழைய இடத்திலேயே மாலை நேரத்தில் நிறுத்த அனுமதி வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நான் முன்பு கொடுத்த மனுக்கள். எதற்கும் பதில் வரவில்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முன்பு கொடுத்த மனுக்களில் விவரம் போதவில்லையோ என்று நினைத்து இந்த முறை எல்லாவற்றையும் எழுதுகிறேன். தாங்கள் பொறுமையாகப் படிக்க வேண்டும். எம்.கே.பி. நகர், சர்மா நகர், முல்லை நகர் என்று இந்த வட்டாரம் முழுக்கத் தங்களுக்குத் தெரியும். மழை பெய்தால் கணேசபுரம் சுரங்கப்பாதையில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பதும் தெரியும். அதனால் ஊரைப் பற்றி விளக்காமல் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

1. நாங்கள் பர்மாவிலிருந்து வந்த குடும்பம். 1962-ல் அங்கே ராணுவ ஆட்சி வந்து, பிறகு கடை கண்ணிகளையெல்லாம் அரசே எடுத்துக்கொண்டதும், ரங்கூனிலிருந்து கப்பல் ஏறி மெட்ராஸ் வந்து இறங்கியவர்களில் என் மாமனார் மாமியாரும் உண்டு. சொத்து எதையும் கொண்டுவர விடவில்லை. மாமியாருக்குச் சமையல் தெரியும், அதை வைத்துத்தான் பிள்ளைகளை வளர்த்தார். அவர் ஆரம்பித்த கடையை என் கணவரும் நானும் நடத்தினோம். கணவர் காலமான பிறகு நான் நடத்துகிறேன். அத்தோ, சூப்பில் போடும் மொய்ங்கா நூடுல்ஸ், மொறுமொறு பேஜோ, முட்டை மசாலா, வாழைத்தண்டு சூப், அவ்வளவுதான் கடை.

சாலையோர வியாபாரி அடையாள அட்டை இருக்கிறது. வருடத்துக்கு 100 ரூபாய் கட்டி எடுத்த உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்று இருக்கிறது. சாலையோர வியாபாரிகளுக்கான பிரதமரின் ஸ்வநிதி கடன் திட்டத்தில் முதலில் 10,000 ரூபாய் வாங்கி, தவணை தவறாமல் அடைத்ததால்தான் அடுத்து 20,000 ரூபாய் கிடைத்தது. அந்த இரண்டாவது கடன் நிலுவையில் இருக்கும்போதுதான் இடம் போனது.

2. பழைய இடம் மருந்துக்கடை முனையில், பஸ் ஸ்டாப்பை ஒட்டி இருந்தது. மணலி பக்கம் கம்பெனி வேலைக்குப் போனவர்கள், துறைமுகத்தில் வேலை முடித்தவர்கள், பாரிமுனையில் மூட்டை இறக்கிவிட்டு வருகிறவர்கள், வியாசர்பாடி ஜீவா ரயில் ஸ்டேஷனில் இறங்கி நடந்து வருகிற பெண்கள் எல்லோரும் அந்த முனையைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போக வேண்டும். பூண்டும் வெங்காயமும் எண்ணெயில் சிவக்கிற வாசம் பஸ் படிக்கட்டு வரைக்கும் போகும். "அக்கா, ஒரு பிளேட் போடு" என்று சொல்லிக்கொண்டே இறங்குவார்கள். நின்றபடி சாப்பிட்டு, இரண்டு தடவை சூப் குடித்து, பத்து நிமிடத்தில் கிளம்பிவிடுவார்கள். அத்தோ சாப்பிடுவதற்கென்று யாரும் வீட்டிலிருந்து புறப்பட்டு வருவதில்லை ஐயா. போகிற வழியில் இருந்தால் சாப்பிடுவார்கள்.

3. வடிகால் பள்ளம் தோண்டும்போது, "வேலை முடியிற வரைக்கும் கால்வாய்ப் பக்கம் போங்கம்மா, அப்புறம் இங்கேயே வந்துடலாம்" என்று வாய்வார்த்தையாகச் சொன்னார்கள். கடிதம் எதுவும் தரவில்லை. பொதுவேலை என்பதால் நாங்களும் மறுபேச்சில்லாமல் நகர்ந்தோம். பள்ளம் மூடி, சிலாப் போட்டு, மேலே நடைபாதைக் கல்லும் பதித்து முடித்துவிட்டார்கள். எங்களை மட்டும் யாரும் கூப்பிடவில்லை.

4. இப்போது வண்டி நிற்கிற இடத்தைப் பற்றி எழுத வேண்டும். கேப்டன் காட்டன் கால்வாய் ஓரச் சந்து அது. நெடுஞ்சாலையிலிருந்து நடக்கிற தூரம்தான், அதனால்தான் "பக்கத்துலதானே கொடுத்திருக்கோம்" என்று எல்லா அதிகாரிகளும் சொல்கிறார்கள். ஆனால் பஸ்ஸில் இறங்குகிற ஒருவரும் அந்தச் சந்து வழியாக வீட்டுக்குப் போவதில்லை. ஏன் போக வேண்டும்? அந்தப் பக்கம் வீடு இல்லை, கடை இல்லை. ஒரு தெருவிளக்குதான் இருக்கிறது, அதுவும் எரிகிற நாளில் எரியும். ஏழு மணிக்கு மேல் பெண்கள் அங்கே கால் வைக்க மாட்டார்கள். வைக்கச் சொல்ல எனக்கும் மனசு வராது.

அப்புறம் நாற்றம். கால்வாய்த் தண்ணீர் எப்படி இருக்கும் என்று தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காற்று திரும்பினால் கொடுங்கையூர் குப்பைமேட்டுப் புகையும் சேர்ந்துகொள்ளும். அத்தோ கையால் பிசைந்து கொடுக்கிற சாப்பாடு. நூடுல்ஸ், பொடிப்பொடியாக அரிந்த முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், கடலை மாவு, மிளகாய்த்தூள், புளிக்கரைசல் எல்லாவற்றையும் கிண்ணத்தில் போட்டு வாடிக்கையாளர் கண்ணெதிரில்தான் பிசைவோம். முட்டை மசாலாவுக்கு முட்டையைக் கீறி உள்ளே வெங்காயமும் பூண்டும் வைத்துப் புளித்தண்ணீர் ஊற்றுவோம். அதைக் கால்வாய் ஓரத்தில் கொசுவுக்கு நடுவே நின்று எவர் வாங்கிச் சாப்பிடுவார்? பழைய வாடிக்கைக்காரப் பிள்ளைகள் கொஞ்ச நாள் தேடிக்கொண்டு வந்தார்கள். "சாக்கடைப் பக்கத்துல நின்னு எப்படிக்கா சாப்பிடறது" என்று அவர்களில் ஒருவன் தயங்கித் தயங்கிக் கேட்டான். அதற்கு மேல் அவன் வரவில்லை. அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஐயா, இதில் என்னை அதிகமாக வதைப்பது சூப் அண்டாதான். வாழைத்தண்டு சூப்புக்கு நாங்கள் காசு வாங்குவதில்லை. தட்டு வாங்கினால் சூப் உண்டு, கேட்டால் மறுபடியும் உண்டு. மாமியார் காலத்திலிருந்து அப்படித்தான், இந்த வட்டாரத்தில் எந்த அத்தோ கடையும் அப்படித்தான். நூறு பேர் வந்தாலும் பத்துப் பேர் வந்தாலும் மத்தியானமே தண்டை நறுக்கி, நார் எடுத்து, அண்டா நிறையக் கொதிக்க வைத்தாக வேண்டும். சூப் இல்லாமல் கடை போட முடியாது. பழைய முனையில் ஒன்பது மணிக்குள் அண்டாவின் அடி தெரிந்துவிடும். இப்போது ராத்திரி கடை எடுக்கும்போது பாதி அண்டா அப்படியே இருக்கிறது. மறுநாள் வைக்க முடியாது, புளித்துவிடும். கொஞ்சம் வீட்டுக்கு எடுத்துப் போகிறோம், கொஞ்சம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம், மிச்சத்தை அந்தக் கால்வாயில்தான் ஊற்றுகிறேன். காசு கொடுத்து வாங்கிய தண்டு, காசு கொடுத்து எரித்த கேஸ். தினமும் என் கையால் ஊற்றுகிறேன் ஐயா.

5. "விலையைக் கொஞ்சம் ஏத்திக்கோங்கம்மா" என்று தங்கள் அலுவலகத்தில் ஒருவர் அறிவுரை சொன்னார். சரி, அந்தக் கணக்கையும் எழுதிவிடுகிறேன்.

ஒரு தட்டு அத்தோ 60 ரூபாய். செலவெல்லாம் போகத் தட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு ரூபாய்தான் எனக்கு நிற்கும். அந்தப் பத்து ரூபாய் நிறையத் தட்டு போனால்தான் குடும்பம் நடத்துகிற பணமாகச் சேரும். கூட்டம் இருந்ததால்தான் 60 ரூபாய்க்குக் கொடுக்க முடிந்தது. கூட்டம் போனதும் அதே 60 ரூபாயில் நஷ்டம் வருகிறது, ஏனென்றால் பல செலவுகள் தட்டுக் கணக்கில் குறைவதில்லை. உதவிக்கு நிற்கிற பெண்ணின் கூலி அதேதான். இரவில் வண்டியை விட்டு வைக்கிற இடத்துக்கு வாடகை அதேதான். அண்டாவுக்கு எரிகிற கேஸும் அதேதான். எங்களுக்கு 19 கிலோ வணிக சிலிண்டர்தான், அதற்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். வீட்டு சிலிண்டருக்கு 5 சதவீதம். விலை பெரும்பாலும் மாதத்தின் முதல் தேதியில் மாறும், ஏறினாலும் இறங்கினாலும் நாங்கள் சொல்லி ஒன்றும் ஆகாது.

70 ரூபாய் ஆக்கிப் பார்த்தேன். வந்துகொண்டிருந்த கொஞ்சம் பேரும் குறைந்தார்கள். நாள்கூலி வாங்குகிறவர் 70 ரூபாய் கொடுத்து, வழியை விட்டு விலகி, இருட்டில் நின்று சாப்பிட மாட்டார். பிறகு 50 ரூபாய் ஆக்கி அட்டையில் பெரிதாக எழுதித் தொங்கவிட்டேன். அதைப் படிக்கவும் ஆள் வேண்டுமே ஐயா! விலையைக் குறைத்தால் கூட்டம் வரும் என்பது ஆள் நடமாட்டம் இருக்கிற இடத்துக்குத்தான் பொருந்தும். யாரும் கடந்து போகாத சந்தில் ஐந்து ரூபாய்க்குக் கொடுத்தாலும் யாருக்குத் தெரியும்? நல்ல இடத்தில் இருக்கிற பெரிய கடைக்காரர் ஏசி போட்டு, பலகை வைத்து, இரண்டு மடங்கு விலை வைத்தும் விற்கிறார். அவர் நன்றாக இருக்கட்டும். எனக்கு ஏசியும் பலகையும் அந்த முனைதான். அதைப் பிடுங்கிவிட்டு விலையை மாற்றிக்கொள் என்றால் நான் எந்த விலையைத்தான் வைப்பது?

செல்போன் செயலியில் போடலாமே என்றும் சொன்னார்கள். அவர்கள் கமிஷன் எடுத்த பிறகு தட்டுக்கு எதுவும் மிஞ்சாது. போதாததற்குப் பிசைந்த அத்தோ அரை மணி நேரத்தில் ஊறிப்போய்விடும்.

6. போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்கிறார்கள். தயவுசெய்து ஒரு நாள் மாலை ஆறரை மணிக்கு அந்த முனைக்கு வந்து பாருங்கள். என் வண்டி நின்ற இடத்தில் இப்போது இரண்டு கார் நிற்கிறது, பின்னால் வரிசையாக பைக். ராத்திரி பதினொரு மணி வரை எடுப்பதில்லை. காருக்கு அடியில் நடைபாதைக் கல் நொறுங்கிக் கிடக்கிறது. ஆறடி தள்ளுவண்டி இடைஞ்சல், இரண்டு கார் இடைஞ்சல் இல்லையா? இதை யாரிடம் கேட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். கார்க்காரர் வரி கட்டுகிறார் என்றால், நானும் ஒவ்வொரு சிலிண்டருக்கும் கட்டுகிறேன்.

7. புகார் எண்ணுக்குப் போன் செய்தேன். ஆய்வுக்கு யாரும் வந்த மாதிரி தெரியவில்லை. "தங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று செல்போனுக்குக் குறுஞ்செய்தி மட்டும் வந்தது. என்ன தீர்த்தார்கள் ஐயா? யார் தீர்த்தது?

8. படித்த பிள்ளைகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு இதை எழுதுகிறேன். 2014-ல் வந்த சாலையோர வியாபாரிகள் சட்டத்தின் 18-வது பிரிவில், விற்பனைச் சான்றில் உள்ள இடத்திலிருந்து ஒரு வியாபாரியை மாற்றுவதற்கு முன் 30 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் தர வேண்டும் என்று இருக்கிறது. மாற்றும்போது பிழைப்பு முன்னைவிட நன்றாக இருக்க வேண்டும், இல்லையென்றால் முன்பிருந்த அளவாவது இருக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டத்தின் அட்டவணையில் சொல்லியிருக்கிறார்கள். நகர விற்பனைக் குழு இருக்கிறது, அதில் பத்துக்கு நாலு பேராவது வியாபாரிகளாக இருக்க வேண்டும். எங்களை மாற்றியது அந்தக் குழு கூடிப் பேசி எடுத்த முடிவா என்பதைத் தாங்கள் கேட்டுத் தெரிவிக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1969-ல் பர்மாவிலிருந்து வந்தவர்களுக்கென்று பர்மா பஜார் அமைந்தபோது, பீச் ஸ்டேஷன் வாசலில், துறைமுகத்துக்கு எதிரில் இடம் கிடைத்தது. அது கால்வாய் ஓரமாக அமைந்திருந்தால் அந்த பஜார் ஒரு வருடம் தாங்கியிருக்காது. ஜனங்கள் போகிற வழியில் இடம் கொடுத்ததுதான் அன்றைக்குச் செய்த பெரிய உதவி. அந்த நியாயம் எங்களுக்கும் வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

9. நான் கேட்பது இவ்வளவுதான்:

மாலை 5 மணி முதல் இரவு 10.30 மணி வரை மட்டும், மருந்துக்கடை முனையில் பழைய இடத்தில் வண்டி நிறுத்த எழுத்துப்பூர்வ அனுமதி தர வேண்டும். நடக்கிறவர்களுக்கு வழி விட்டுத்தான் நிறுத்துவேன். தாங்கள் கோடு போட்டுக் கொடுத்தால் அதற்குள்ளேயே நிற்பேன். குப்பைத்தொட்டி வைத்து, கடை எடுத்ததும் கழுவிவிட்டுப் போவேன், முன்பும் அப்படித்தான் செய்தேன். அந்த முனையில் கொடுக்க முடியாது என்றால் அதே பஸ் ஸ்டாப்பின் எதிர்ப்பக்கம் கொடுங்கள், ஆனால் ஜனங்கள் நடக்கிற வழியில் கொடுங்கள். என்னோடு மாற்றப்பட்ட சுண்டல் வண்டிக்காரருக்கும் பூக்கார அம்மாவுக்கும் இதே நிலைமைதான். அவர்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பூக்கார அம்மா இப்போது கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாகப் போகிறார், இந்த வயதில்.

முடியாது என்றால் அதையாவது காரணத்தோடு எழுத்தில் கொடுங்கள் ஐயா. பதிலே இல்லாமல் இருந்தால் நான் எங்கே போய் முறையிடுவது? மேல்முறையீடு செய்வதற்கும் ஒரு காகிதம் வேண்டுமே. ஸ்வநிதி தவணையை இதுவரை எப்படியோ கட்டிவிட்டேன். இனி தவணை கட்ட வாரவட்டிக்குத்தான் வாங்க வேண்டும். அரசாங்கம் கொடுத்த கடனை அடைக்க வட்டிக்காரரிடம் போகிற நிலைமைக்கு என்னைத் தள்ள வேண்டாம்.

மழைக்காலத்தில் கால்வாய் நிரம்பினால் இப்போதைய இடத்தில் வண்டியே நிறுத்த முடியாது. அதற்கு முன் ஆணை தர வேண்டும். பழைய இடத்தைத் தாருங்கள் ஐயா. மறுபடியும் அதையேதான் கேட்கிறேன்.

இணைப்பு: அடையாள அட்டை நகல், உணவுப் பாதுகாப்புப் பதிவு நகல், முந்தைய மனுக்களின் ஒப்புகைச் சீட்டுகள், பழைய இடத்தில் கார்கள் நிற்கும் புகைப்படம், கால்வாய் ஓர இடத்தின் புகைப்படம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்
வியாசர்பாடி