கருவியின் விலையைச் சக மாலுமியும் சுமக்கட்டும்

கூட்டாக ஆடும் வான்கப்பல் போர் விளையாட்டுகளை வடிவமைக்கும் குழுவினருக்கு,

வணக்கம். நியூயார்க்கைச் சேர்ந்த மியூஸ் கேம்ஸ் நிறுவனம் 2012 அக்டோபரில் வெளியிட்ட 'கன்ஸ் ஆஃப் இக்காரஸ் ஆன்லைன்' விளையாட்டை முன்வைத்து இம்மடலை எழுதுகிறேன். நான்கு பேர் சேர்ந்து ஒரே கப்பலை இயக்கும் விளையாட்டுகளில் இவ்வளவு யோசித்துச் செய்யப்பட்ட இன்னொன்றை நான் ஆடியதில்லை. அதனால்தான், இதே வகையில் புதிதாக ஒன்றைத் தொடங்குமுன் அதில் எது நன்றாக அமைந்தது, எது இடறியது என்று நீங்கள் பிரித்துப் பார்க்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

அதில் கேப்டன், பீரங்கியாளர், பொறியாளர் என மூன்று பணிகள் உண்டு. ஒவ்வொருவரும் தம் பணிக்குரிய பொருள்களில் மூன்றையும் மற்ற இரு பணிகளின் பொருள்களில் ஒவ்வொன்றையும் எடுத்துச் செல்லலாம். ஆகவே யாரும் சுடலாம், யாரும் பழுது பார்க்கலாம். நான்கே பேர் உள்ள கப்பலில் இந்தத் தாராளம் அவசியம். அதில் கை வைக்காதீர்கள். ஆனால் நடைமுறையில் கேப்டனுக்கும் இரண்டு பொறியாளர்களுக்கும் இடம் உறுதியாகிவிட, நான்காவது இடத்துக்கு வரும் பீரங்கியாளரிடம் "நீங்களும் பொறியாளராகவே வாருங்கள்" என்று சொல்லும் கேப்டன்கள் நிறையப் பேர் இருந்தார்கள். பீரங்கியாளருக்கு வலு போதாது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் காரணம். என் கருத்து வேறு.

பொறியாளரின் கருவிகளைப் பாருங்கள். ரப்பர் சுத்தியல் ஒரே அடியில் 250 புள்ளிகள் பழுது நீக்கும். ஆனால் அதன்பின் 9 விநாடிகளுக்கு அந்தப் பாகத்தை எவராலும் சரிசெய்ய முடியாது. பைப் ரெஞ்சு 120 புள்ளிகளும் 5 விநாடிகளும், ஸ்பேனர் 40 புள்ளிகளும் 2 விநாடிகளும். அடியோடு நொறுங்கிய பாகத்தை மீண்டும் எழுப்புவதில் ஸ்பேனர்தான் வேகமானது, சுத்தியல் மிக மந்தமானது. இங்கே உயிரான விஷயம், அந்தக் காத்திருப்பு அடித்தவரின் கையில் இல்லாமல் பாகத்தில் இருப்பதுதான். கவசத்தில் சிறு கீறல் விழுந்ததுமே அவசரப்பட்டுச் சுத்தியலால் ஒருவர் தட்டிவிட்டால், மறுகணம் எதிரியின் குண்டுமழை விழும்போது ஓடிவரும் அடுத்த பொறியாளர் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். எனவே யார் எப்போது அடிப்பது என்று இருவரும் பேசியே ஆக வேண்டும்.

கேப்டனுக்கும் இதே கணக்குத்தான். கெரசின் ஊற்றினால் வேகம் கூடும், என்ஜின்கள் சேதமாகும். ஹைட்ரஜனைத் திறந்தால் கப்பல் சட்டென்று மேலே ஏறும், பலூன் அடிபடும். முடிவு கேப்டனுடையது, அதற்காகப் பின்தளத்துக்கு ஓடுபவர் பொறியாளர். தன் கேப்டனைத் திட்டிக்கொண்டே என்ஜினைத் தட்டாத பொறியாளர் எவரும் இருக்க மாட்டார். விளையாட்டின் சுவையே அதில்தான் இருக்கிறது.

ஒருவரின் தேர்வுக்கு இன்னொருவர் விலை கொடுக்கும் இந்த இழை, பீரங்கியாளரின் தோட்டா வகைகளில் அறுந்துவிடுகிறது. லோக்நகர் ஒன்றுதான் விதிவிலக்கு: சேதத்தைப் பெருமளவு கூட்டும், சுடும் பீரங்கியையே உடைக்கவும் செய்யும், அதைச் சரிசெய்ய இன்னொருவர் வந்தாக வேண்டும். மற்றவற்றில், எறிபொருளின் வேகத்தைக் கூட்டும் லெஸ்மோக் ஆனாலும் சிதறலைக் குறைக்கும் ஹெவி ஆனாலும், விலை அந்தப் பீரங்கிக்குள்ளேயே தீர்ந்துவிடுகிறது. மேலும் தோட்டாவை மாற்றும் வாய்ப்பு மறுபடி நிரப்பும்போது மட்டுமே வருகிறது. கேட்லிங் போன்ற பீரங்கிக்குப் பொருத்தமான ஒரு வகையைப் பொறியாளர் தம் ஒற்றை இடத்தில் வைத்துக்கொண்டால் ஏறக்குறைய வேலை முடிந்தது. போதாததற்கு, பீரங்கிக்கு ஊக்கமேற்றும் சுத்தியலும் அவரிடமே இருக்கிறது. தானே ஊக்கமேற்றி, தானே சுட்டுக்கொள்கிறார்.

பீரங்கியாளர் சுட்டால் இத்தனை சதவீதம் கூடுதல் சேதம் என்று அளவை உயர்த்துவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் மருந்து. அதைச் செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் நான்காவது இடம் கட்டாயமாகுமே தவிர, அதில் அமர்பவருக்குத் தீர்மானிக்க எதுவும் புதிதாகக் கிடைக்காது. பொறியாளரைச் சுடவிடாமல் தடுப்பது அதைவிட மோசம்.

மாறாக, தோட்டா வகைகளின் விலையைக் கப்பலெங்கும் பரப்புங்கள். ஒரு வகை பின்னுதைப்பால் கப்பலைத் திருப்பி, கேப்டனைச் சுக்கானோடு மல்லுக்கட்ட வைக்கட்டும். இன்னொன்று பீரங்கியைச் சூடேற்றி, பக்கத்தில் தீத்தடுப்பு ரசாயனம் தெளிக்க ஒருவரை வரவழைக்கட்டும். எதிரி தொலைவிலிருந்து நெருங்கி வருவதற்குள் இரண்டு முறையாவது வகையை மாற்றினால்தான் முழுப் பயன் என்னும்படி பெரிய பீரங்கிகளை அமைத்தால், மூன்று வகைகளைச் சுமப்பவருக்கு உண்மையான மதிப்பு வரும். ஊக்கச் சுத்தியலின் பலன் சில விநாடிகளில் தணிந்துவிட்டால், சுடுபவரும் ஊக்கமேற்றுபவரும் ஒருவராகவே இருப்பது கட்டுப்படியாகாது.

புதியவர்களைப் பற்றி ஒரு சொல்: பீரங்கிக்குப் பொருந்தாத தோட்டாவோடு ஒருவர் ஏறினால், புறப்படுமுன்பே அது கேப்டனின் திரையில் தெரியட்டும்.

சோதனையின்போது வெற்றி விகிதத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஒருவரின் தேர்வினால் இன்னொருவர் தம் இடத்தைவிட்டு எத்தனை முறை ஓட நேர்ந்தது என்பதை மூன்று பணிகளுக்கும் தனித்தனியே எண்ணிப் பார்த்து, பீரங்கியாளரின் எண்ணிக்கை மற்ற இருவருடையதை நெருங்கும்வரை வெளியீட்டைத் தள்ளிவையுங்கள்.

இப்படிக்கு,
பெரும்பாலும் ஸ்பேனரோடு ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பொறியாளர்