ஞாயிறு ஏற்காடு சைக்கிள் ரைடு: கிளம்புறதுக்கு முன்னாடி படிச்சிடுங்க

நண்பர்களே, காலை 5.30-க்கு அடிவாரம். 5.45-க்கு மிதிக்க ஆரம்பிச்சிடுவோம், யாருக்காகவும் நிக்க மாட்டோம் (போன தடவை நின்னு அனுபவப்பட்டாச்சு).

20 கொண்டை ஊசி வளைவையும் அவங்கவங்க வேகத்துல ஏறுங்க, ஏரிக்கரையில சேர்ந்துக்கலாம். அங்கிருந்து காப்பித் தோட்டத்து மண்பாதை. உரிமையாளர்கிட்ட கேட்டாச்சு, கேட்டைத் திறந்தா மூடிட்டுத்தான் வரணும். காப்புக்காடு பக்கம் யாரும் திரும்பாதீங்க. அனுமதியில்லாம நுழைஞ்சா 1882-ம் வருஷத்து வனச் சட்டப்படி குற்றம்.

ரெண்டு நாளா மழை. டயர்ல காத்தைக் கொஞ்சம் குறைச்சுக்குங்க, சேத்துல பிடிப்பு கிடைக்கும். சில்வர் ஓக் சருகுக்கு அடியில வேர் இருக்கும், ஈர வேர் சோப்பு மாதிரி. அதைக் குறுக்க நேரா கடங்க, அதுமேல பிரேக் பிடிக்காதீங்க. போன மாசம் ஒரு சுள்ளி பின்சக்கரத்துல சிக்கி டிரெய்லியர் ஹேங்கர் (பின்கியரை ஃபிரேமோட பிடிச்சிருக்கிற சின்ன உலோகத் துண்டு) 'டக்'னு உடைஞ்சது. நாலு கிலோமீட்டர் தள்ளிக்கிட்டே வந்தேன். ஹேங்கர் ஒவ்வொரு மாடலுக்கும் வேற, இரவல் கிடைக்காது. ஸ்பேர் வாங்கி வெச்சுக்குங்க.

சேர்வராயன் கோயில் பக்கம் 1,600 மீட்டருக்கு மேல. பனி இறங்கினா முன்னாடி போறவர் டயர்கூடத் தெரியாது, பின்விளக்கு அவசியம். காட்டெருமை நின்னா பெல் அடிக்காதீங்க, தள்ளி நின்னு காத்திருங்க. அவசரம் நமக்குத்தான், அதுக்கில்ல.

இறங்கும்போது பிரேக்கை விட்டு விட்டுப் பிடிங்க. ஹெல்மெட் இல்லாம வந்தா டீ மட்டும் உண்டு, ரைடு இல்ல.

வர்றவங்க வெள்ளி ராத்திரிக்குள்ள பேர் போடுங்க.