பேச்சிலர்களுக்கும் மரநிழல் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வளைகுடா வாழ்க்கை பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வெயில், மணல், தனிமை என்று அதில் எழுதியிருந்த எல்லாம் உண்மை. ஆனால் இங்கே கண்ணுக்குப் பச்சையே கிடையாது என்று முடித்திருந்ததை, மஸ்கட்டில் பல வருஷமாக இருக்கும் என்னால் ஏற்க முடியவில்லை. பச்சை தாராளமாக இருக்கிறது. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்து கேம்ப்பில் தங்கி வேலை செய்கிற, இங்கே ‘பேச்சிலர்’ என்று அழைக்கப்படுகிறவர்களுக்கு அது கிடைக்கிறதா என்று கேட்டால்தான் மனசு கஷ்டப்படுகிறது.

ஓமனின் தெற்கே தோஃபார் மலைகள் இருக்கின்றன. ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை அங்கே கரீஃப் என்கிற சாரல் பருவம். குற்றாலத்தில் சாரல் அடிக்க வைக்கிற அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் அங்கேயும். அந்தக் காற்று கரையோரக் கடலின் ஆழத்திலிருந்து குளிர்ந்த நீரை மேலே கிளப்பிவிடுகிறது. அதைத் தொட்டு வரும் ஈரக்காற்று குளிர்ந்து, மூடுபனியாகி மலையில் வந்து மோதுகிறது. பாலைவனத்தின் சூடான காற்று மேலே அமுக்கிக்கொண்டு நிற்பதால் மேகம் உயர முடிவதில்லை. அதனால் பெருமழை அபூர்வம். தூறல்தான், நாள் கணக்கில். மஸ்கட்டில் 40 டிகிரியைத் தாண்டும் நாளில், அந்த மலையடிவாரக் கடற்கரை நகரமான சலாலாவில் 25 டிகிரி அளவில்தான் இருக்கும்.

நான் தென்காசிக்காரன். மஸ்கட்டிலிருந்து சலாலாவுக்கு 1000 கிலோமீட்டருக்கு மேல். வழியில் ஹைமா என்ற ஊரைத் தாண்டியும் இரண்டு பக்கமும் வெறும் மணல்வெளிதான். தும்ரைத் கடந்து மலையில் இறங்கும்போது முன்கண்ணாடியில் ஈரம் படியும், வைப்பரைப் போட வேண்டிவரும். ஏசியை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கினால் நனைந்த புல் வாசனை. ஊருக்குள் சாலையோரம் ஓலை வேய்ந்த கடைகளில் வாழைத்தாரும் பப்பாளியும் தொங்கும். இளநீர் குடித்து முடித்ததும் கடைக்காரர் காயைப் பிளந்து, மட்டையிலேயே ஒரு சில்லு சீவி, வழுக்கையை வழித்துத் தின்னக் கொடுப்பார். மே மாத மஸ்கட்டைத் தாங்கிக்கொள்ள இதை நினைத்தாலே போதும் எனக்கு.

வாதி தர்பாத் என்ற பள்ளத்தாக்கின் தண்ணீர் கடலைச் சேரும் இடத்தில் கோர் ரோரி கழிமுகம். பக்கத்திலேயே சாம்பிராணி ஏற்றுமதி நடந்த சும்ஹுரம் என்ற பழைய துறைமுகத்தின் இடிபாடுகள். ‘கீரன்’ என்று தமிழ் பிராமியில் எழுதிய பானை ஓடு ஒன்று 2006இல் அங்கே கிடைத்திருக்கிறது. பிழைப்புக்காக அந்தக் கரைக்கு வந்தவர்களில் நாம் முதல் தலைமுறை இல்லை என்பதில் எனக்கு ஒரு தெம்பு உண்டு.

அங்கே போகிறவர்களிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். அந்த மலையின் மரங்கள் மூடுபனியை இலைகளில் பிடித்துச் சொட்டுச் சொட்டாக மண்ணில் இறக்குகின்றன. மரம் போனால் அந்தத் தண்ணீரும் போகும். ஒட்டகங்களும் ஆடுமாடுகளும் அளவுக்கு மீறி மேய்வதே பெரிய பாரம். அதற்குமேல் நாமும் புல்லைக் கண்டதும் காரை அதன்மேல் ஏற்றிக் கொண்டுபோய் நிறுத்துகிறோம். டயர் போன தடத்தில் புல் மட்கிச் சேறாகிறது. கறி சுட்ட கரியையும் பிளாஸ்டிக் தட்டுகளையும் அப்படியே விட்டுவிட்டு வருகிறவர்களில் நம்மவர்களும் உண்டு. வண்டியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு நடந்து போக நமக்கு என்ன கேடு?

இனி, நான் எழுத வந்த விஷயம். நான் கணக்கு பார்க்கும் கட்டுமான கம்பெனியின் கேம்ப்பில் நம் ஊர்ப் பையன்கள் நிறைய பேர். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மதியம் 12.30 முதல் 3.30 வரை வெளிவேலை கூடாது என்று சட்டம் இருக்கிறது. அந்த நேரத்தில் அவர்கள் ஒதுங்குவது தகரக் கொட்டகை நிழலில். சலாலாவுக்குப் போய்வர அவர்களுக்கு லீவும் கிடையாது, காசும் கிடையாது. ஆனாலும் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றி, பெயின்ட் வாளியில் கறிவேப்பிலை வளர்த்திருக்கிறார்கள். முற்றத்தில் ஒரு வேப்பமரம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதனடியில் உட்கார இடம் கிடைக்காது. ஊருக்கு போன் போட்டு வீடியோவில் முதலில் அந்த மரத்தைத்தான் காட்டுகிறார்கள். பச்சைக்கு ஏங்குவது வசதியானவர்களுக்கு மட்டும் உரிய ஆசை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கே போவேன்.

வெள்ளிக்கிழமை ஒருநாளில் போய்வர இடமா இல்லை? மஸ்கட்டிலிருந்து சுமார் 100 கிலோமீட்டரில் நக்கல் என்ற ஊர். கோட்டைக்குப் பின்னால் பேரீச்சந்தோப்பு, அதையொட்டி வெந்நீர் ஊற்று ஓடுகிறது. வேறு திசையில் இன்னும் தள்ளிப் போனால் வருஷம் முழுக்கத் தண்ணீர் இருக்கும் வாதி பனி காலித். இங்குள்ள தமிழ் அமைப்புகள் ஊரிலிருந்து கலைஞர்களை வரவழைத்து ஆடம்பரமாக விழா எடுக்கின்றன. தப்பில்லை. அந்தச் செலவில் ஒரு சிறு பங்கை ஒதுக்கினால் குளிர்காலம் முழுக்க வாரம் ஒரு கேம்ப்புக்கு பஸ் விடலாம். கட்டுச்சாதமும் தண்ணீரும் கொடுக்கலாம்.

இதை நான் ஒரு கூட்டத்தில் சொன்னேன். “பேச்சிலர்கள் கூட்டமாக வந்தால் ஃபேமிலிகளுக்குச் சங்கடம்” என்றார் ஒருவர். அவர்களும் குடும்பஸ்தர்கள்தான், குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள். அழைத்துப் போய், சாப்பிட்ட இடத்தைச் சுத்தம் செய்துவிட்டு வரும் பொறுப்பை நானே ஏற்கிறேன் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். இன்னும் பதில் வரவில்லை.

தங்கள் இதழை அமைப்பு நிர்வாகிகள் பலரும் படிக்கிறார்கள். நவம்பரில் வெயில் தணிந்துவிடும். அதற்கு முன் இந்தக் கடிதம் வெளிவந்தால் முதல் பஸ்ஸுக்கு ஏற்பாடு செய்ய நேரம் இருக்கும்.

இப்படிக்கு,
தென்காசி வாசகர்,
ரூவி, மஸ்கட்