தேரின் உயரத்தைத் தெருதான் முடிவு செய்ய வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதுச்சேரி, கடலூர் கத்தோலிக்கப் பங்குகளில் மாதா, புனிதர் திருவிழா அழைப்பிதழ் அடிக்கும்போதே 'ஆடம்பரத் தேர்பவனி' என்று பெரிய எழுத்தில் போடுவார்கள். அந்த ஆடம்பரம் இப்போது மேல்நோக்கியே வளர்கிறது. போன வருடத்தைவிட இரண்டடி கூட்டு, பக்கத்து ஊர்த் தேரைவிட ஓரடி கூட்டு என்று விழாக்குழுக்களில் பேச்சு எழுகிறது. 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். 2025 மார்ச் 1-ஆம் தேதி குமரி மாவட்டம் இனயம் புத்தன்துறையில் அந்தோணியார் திருவிழா வேலையின்போது இரும்பு ஏணி மின்கம்பியில் பட்டு 4 பேர் இறந்தார்கள். நம் ஊர்த் தெருக்களிலும் அதே கம்பிகள்தான் ஓடுகின்றன.

விதிப்படி, வீடுகளுக்கு மின்சாரம் தரும் தாழ்வழுத்தக் கம்பி தெருவோரமாக ஓடினால் தரையிலிருந்து 5.5 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். தெருவைக் குறுக்கே கடந்தால் 5.8 மீட்டர். 11 ஆயிரம் வோல்ட் கம்பிக்கு முறையே 5.8, 6.1 மீட்டர். இது கம்பி இழுத்த நாளின் கணக்கு. பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே புதுத் தார் போடப் போட, தரை உயர்ந்துகொண்டே போகிறது. வெயிலில் கம்பி தொய்கிறது. வில்லியனூர் மாதா திருவிழா போல ஈஸ்டரை ஒட்டிவரும் விழாக்களில் இந்தத் தொய்வு கூடுதலாகவே இருக்கும். ஆகவே சக்கரத்தின் அடியிலிருந்து சுரூபத்தின் (தேரில் வைக்கும் சிலையின்) கிரீடம், ஒளிவட்டம், குடை எல்லாம் சேர்த்து 14 அடிக்குமேல் (சுமார் 4.3 மீட்டர்) போகக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. பாதையில் கம்பி தாழ்ந்திருக்கும் இடம் இருந்தால் அதற்குத் தக்கபடி இன்னும் குறைக்க வேண்டும். அளவெடுக்க லைன்மேனைத்தான் கூப்பிட வேண்டும். நாமே இரும்பு டேப்பைத் தூக்கிப் பிடிக்கவே கூடாது.

நுனி பிளந்த மூங்கில் கவைக்கம்பால் மின்கம்பியைத் தூக்கிவிட்டுத் தேரைக் கடத்தும் பழக்கம் இன்னும் போகவில்லை. மூங்கில் காய்ந்திருந்தால் பயமில்லை என்கிறார்கள். பனியிலும் வியர்வையிலும் நனைந்த மூங்கிலில் மின்சாரம் பாயும். தேர் மேல் ஆள் ஏறி நிற்பதை அடியோடு நிறுத்த வேண்டும். தெருத் தெருவாக மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி, புதுச்சேரியில் மின்துறைக்கும் கடலூரில் மின்வாரியத்துக்கும் பாதையின் வரைபடத்தோடு எழுத்தில் மனு கொடுக்க வேண்டும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. தேர் தெருவைத் தாண்டியதும் மின்சாரம் கொடுத்துவிடுகிறார்கள். ஏதாவது ஒரு வீட்டு வேண்டுதலுக்காகத் தேர் நாலடி பின்னால் வந்தால் என்ன ஆகும்? விழாக்குழுவில் ஒரே ஒருவர் சொன்னால் மட்டும் லைன்மேன் சுவிட்சைப் போட வேண்டும். அவர் தேரின் பின்னாலேயே நடக்க வேண்டும். வேறு எந்த வேலையும் அவருக்குக் கொடுக்கக் கூடாது.

அடுத்தது அலங்கார விளக்கு. ஜெனரேட்டரிலிருந்து 230 வோல்ட் சீரியல் செட்டை இரும்புச் சட்டத்தில் சுற்றுகிறார்கள். பூ வாடாமலிருக்கத் தண்ணீர் தெளிக்கிறார்கள். மக்கள் உப்பும் மிளகும் தேர்மேல் போட்டு வேண்டிக்கொள்கிறார்கள். அந்த உப்பு ஈரமான ஜாயின்ட்டில் விழுந்தால் மின்கசிவுக்கு வழி திறந்துவிடும். தேர் ரப்பர் டயரில் நிற்பதால் கசிந்த மின்சாரம் தரைக்கு இறங்காமல் சட்டத்திலேயே நிற்கும். கை வைத்தவர் உடல் வழியாகத்தான் இறங்கும். வேண்டுதலைத் தடுக்க வேண்டாம், விளக்கை மாற்றுவோம். 12 வோல்ட் எல்.இ.டி. பட்டை போதும். 5 மீட்டர் ரோல் 24 வாட் என்றால் பத்து ரோலுக்கு 20 ஆம்பியர். 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று 3 மணி நேரம் தாராளமாகத் தாங்கும். மாற்றுக்கு ஒன்று கையில் இருக்கட்டும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே 30 ஆம்பியர் பியூஸ் போட வேண்டும். ரோல்களை ஒன்றின் வாலில் ஒன்றாக நீட்டினால் கடைசி ரோல் மங்கும், முதல் ரோல் சூடேறும். ஒவ்வொன்றுக்கும் தனி ஒயர் கொடுக்க வேண்டும்.

தோளில் தூக்கும் சப்பரம் இருக்கும் ஊர்கள் அதை விட்டுவிடாதீர்கள். குறுகிய சந்துக்குள்ளும் அது போகும். நடக்க முடியாத முதியவர் வீட்டு வாசலுக்கே மாதா வருவார். தூக்குபவர்களை உயரம் பார்த்து நிறுத்துவதுதான் முக்கியம். ஓரத்தில் ஒரு நெட்டையர் நின்றால் பாரத்தில் பெரும்பங்கு அவர் தோளில் ஏறும், சப்பரம் சாயும். சுரூபத்தைக் கயிற்றால் மட்டும் கட்டாமல், அடிப்பீடத்தோடு போல்ட் போட்டு முடுக்க வேண்டும். இழுக்கும் தேர் என்றால் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடும் இருவருக்கு மாற்று ஆளும் வேண்டும். வாணவேடிக்கையைத் தேருக்கு வெகுமுன்னால் மைதானத்தில் முடித்துவிடலாம்.

உயரத்தைக் குறைத்தால் அழகு குறையும் என்று இளைஞர்கள் வருத்தப்படுகிறார்கள். குறையாது. மெழுகுத்திரி ஏந்தி வாசலில் நிற்பவர் கண்ணுக்கு நேரே சுரூபத்தின் முகம் தெரிவதுதான் அழகு. எங்கள் வில்லியனூர், மாதா தேருக்கும் திருக்காமீசுவரர் கோயில் தேருக்கும் மக்கள் திரளும் ஊர். வாசல் தெளித்துக் கோலமிட்டு உப்பு மிளகோடு மாதா தேருக்குக் காத்திருப்பவர்களில் இந்துக்களும் உண்டு. அவர்கள் பிள்ளைகளின் உயிருக்கும் விழாக்குழுவே பொறுப்பு.

ஆகஸ்ட் 15-இல் விண்ணேற்பு அன்னை திருவிழா எடுக்கும் பங்குகளில், ஒன்பது நாள் நவநாள் வைத்தால் 6-ஆம் தேதி கொடியேறும். கொடிமரம் இரும்புக் குழாயாக இருந்தால் அதை நிமிர்த்தும்போதும் இதே ஆபத்து உண்டு. ஜூலை இரண்டாம் வாரத்துக்குள் பாதையை அளந்து, மனுவைக் கொடுத்து, அதன் நகலில் ஒப்புகை முத்திரை வாங்கிவிட்டுத் தச்சருக்கு முன்பணம் கொடுங்கள்.

இப்படிக்கு,
தேர் வேலை பார்க்கும் பங்கு மக்கள் சிலர்,
வில்லியனூர், புதுச்சேரி.