மாரியாயியின் மூன்று பெயர்கள்

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நுவரெலியாக் குளிர் உனக்குப் பழகிவிட்டதா? நீயும் பிரதேச செயலகத்தில் எழுத்து வேலைக்கு அமர்ந்த சந்தோஷம் இன்னும் அடங்கவில்லை. எழுதுவினைஞர் மேசையை விட்டு இறங்கியும் காலை எட்டரை ஆனால் என் மனசு அங்கேதான் போய் உட்கார்ந்துகொள்கிறது. அவ்வளவு நல்ல வேலை அது. அந்த மேசையில் நீ கவனிக்கவேண்டியதைப் போனில் சொன்னால் மறந்துபோகும் என்று எழுதுகிறேன்.

தேயிலைத் தோட்டத்துச் சனத்துக்குப் பெரிய தலைவலி பெயர்தான். பிறப்புச் சான்றிதழில் மாரியாயி, தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில் மாரி, அடையாள அட்டையில் கணவர் பெயரை முதலெழுத்தாகப் போட்டு எஸ். மாரியாய். மூன்றும் ஒரே பெண். கொழுந்து பறிக்கும்வரை ஒருவரும் கேட்கமாட்டார்கள். வேலையை விட்டு நின்று சேமலாப நிதிக்கு விண்ணப்பிக்கும்போதுதான் இடிக்கும். சம்பளத்தில் பிடித்த 8 வீதமும் தோட்டம் போட்ட 12 வீதமும் ஓர் எழுத்துக்காகக் காத்துக்கிடக்கும்.

அப்படி வந்தால் முதலில் பிறப்புச் சான்றிதழைக் கேள். அதிலுள்ள திகதியை அடையாள அட்டை இலக்கத்தோடு பொருத்திப் பார். பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருஷம், அடுத்த மூன்றும் அந்த வருஷத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் வைத்துத்தான் கணக்கு. அதனால் மார்ச் 1ஆம் திகதி பிறந்தவளுக்கு எந்த வருஷமானாலும் 561. நீ 560 என்று எண்ணி ‘திகதி பிழை’ என்று குறிப்பு எழுதிவிடாதே. ஒருநாள் பேரை, அதாவது ஒருநாள் சம்பளத்தை, விட்டுவிட்டு பஸ் ஏறி வந்தவள் வெறுங்கையோடு போவாள். 2016க்குப் பிறகு வந்த 12 இலக்க அட்டையில் வருஷம் நான்கு இலக்கம், நாள் கணக்கு அதேதான்.

அடுத்தது, இந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவருடையதே என்று சமாதான நீதவான் முன்னால் சத்தியக்கடதாசி. ஒவ்வொரு பெயரையும் அந்தந்த ஆவணத்தில் உள்ளபடியே, ஆவண இலக்கம், திகதியோடு எழுதவேண்டும். ‘மேற்படி பெயர்கள்’ என்று பொதுவாகப் போட்டால் திரும்பி வந்துவிடும்.

டிரங்குப் பெட்டியிலிருந்து மஞ்சளித்த கடதாசியோடு ஒரு தாத்தா வந்தால் அவரை அவசரப்படுத்தாதே. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நம் சனத்தை நாடற்றவர்களாக்கியது. 1964 இலங்கை–இந்திய ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று பங்குபோட்டது. 2003இல் குடியுரிமை கொடுத்த 35ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகும் அந்தக் கடதாசிகளை ஒருவரும் எறியவில்லை. மூலப் பிரதியை உன் மேசையில் வைத்துக்கொள்ளாதே மகள். படியெடுத்து அவர் கண்ணெதிரிலேயே திருப்பிக் கொடு. அதில் குண்டூசியும் குத்தாதே. நம்ம ஊர் ஈரத்தில் ஊசி துருப்பிடித்து எழுத்தைத் தின்றுவிடும். கோவையில், அதாவது பைலில், சேர்க்கும் படிகளுக்குத் துளையிட்டு நாடா கட்டு, தாள் இலக்கத்தை அன்றைக்கே போடு.

வேறு காரியாலயத்துக்குக் கடிதம் போகும்போது ‘உமது இல.’ என்ற இடத்தில் அவர்கள் கடிதத்தின் இலக்கத்தை நிரப்பு. அது இல்லாத கடிதம் எந்தக் கோவைக்கு உரியது என்று தெரியாமல் அங்கேயே கிடக்கும்.

தமிழில் வந்த கடிதத்துக்குத் தமிழிலேயே பதில் போடு. 1987இல் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் ஆட்சிமொழியாகிவிட்டது, அது அவர்கள் உரிமை. ‘தேவையான ஆவணங்களுடன் சமுகமளிக்கவும்’ என்று எழுதாதே. எந்த ஆவணம், எத்தனை படி, எந்த நாள், எந்த மேசை என்று ஒன்றின் கீழ் ஒன்றாக எழுது. தோட்டத்து லய வீட்டில் அதைப் பாட்டிக்கு வாசித்துக் காட்டுவது ஆறாம் வகுப்புப் பிள்ளையாக இருக்கும்.

அம்மா கம்பளிச் சட்டை அனுப்புகிறாள்.

அன்புடன்,
அப்பா