வன்னிக்குக் கருத்துக்கணிப்பு எடுக்க வருபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தேர்தல் வந்தால் டப்லெட்டோடு வரும் ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும்,

வணக்கம். போன முறை உங்கள் ஆள் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நல்ல பொடியன். பக்கத்தில் வழிகாட்ட வந்த கிராம அலுவலர். வேலிக்கு அங்காலே காதைத் தீட்டிக்கொண்டு அயல்வீட்டுக்காரர். "ஆருக்கு அம்மா போடப்போறீங்கள்?" என்றதும், மாமி கதிரையைத் துடைத்துப் போட்டபடி, "வீட்டுக்குத்தான் ராசா, வேற என்ன" என்றார் (வீடு தமிழரசுக் கட்சியின் சின்னம்). பொடியன் அதை டப்லெட்டில் தட்டிக்கொண்டு போனான். படலையைச் சாத்திவிட்டு வந்த மாமி, "அவனுக்கு என்னத்துக்கு அதெல்லாம்?" என்றார்.

மாமி பொய்க்காரி இல்லை. கேட்பவர் முகம் சுளிக்காத பதிலைச் சொல்வது இங்கே மரியாதை. ஒரு காலத்தில் அதுதான் பிழைக்கும் வழியும். பேர், விலாசம், வீட்டில் எத்தனை பேர் என்று எழுதிக்கொண்டு போனவர்களை நாங்கள் நிறையக் கண்டுவிட்டோம்.

எங்களுக்கு மட்டும் உள்ள குணமும் இல்லை இது. 1982இல் கலிபோர்னியா ஆளுநர் தேர்தலில், கணிப்புகளில் முன்னுக்கு நின்ற கறுப்பினத்தவர் டொம் பிராட்லி தோற்றார். கறுப்பருக்குப் போடமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லச் சிலர் கூசினார்கள் என்பது ஒரு விளக்கம் (அந்த வாதம் இன்னும் ஓயவில்லை). வாக்குப் போட்டீர்களா என்று பிறகு கேட்டால், போடாதவர்களும் ஓம் என்பது உலக வழக்கம். இங்கே விரல் மை அழியும்வரைதான் அது பிடிபடும்.

2024 நவம்பரில் வன்னித் தேர்தல் மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 2ஐ எடுத்துத் தென்னிலங்கைக் கட்சியான தேசிய மக்கள் சக்தி முதலாவதாக வந்தது. "எங்கட ஊரில ஆர் போட்டது?" என்று எல்லாரும் எல்லாரையும் கேட்டார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஆகவே வாயால் கேட்காதீர்கள். சின்னங்கள் அச்சடித்த துண்டைக் கொடுங்கள். புள்ளடி போட்டு, மடித்து, மூடிய பெட்டிக்குள் போடட்டும். கிராம அலுவலர் ரோட்டிலேயே நிற்கட்டும். ஓம், இல்லை என்று கேட்கும் கூச்சமான கேள்வியா? ஆளே காசைச் சுண்டி, தானே பார்க்கட்டும். இலக்கப் பக்கம் விழுந்தால் எதுவானாலும் "ஓம்", மற்றப் பக்கம் விழுந்தால் உண்மை. 100 பேரில் ஏறக்குறைய 50 பேர் காசு விழுந்த பக்கத்துக்காக ஓம் சொல்வார்கள். மொத்தம் 70 ஓம் வந்தால், மிச்ச 50 பேரில் 20 பேருடையது உண்மையான ஓம். அந்த 20 பேர் ஆர் என்று உங்களுக்கும் தெரியாது, கிராம அலுவலருக்கும் தெரியாது. 1965இல் வார்னர் என்ற புள்ளியியலாளர் தொடங்கிவைத்த வழியின் எளிய வடிவம் இது.

மாமிக்கு இதை விளங்கப்படுத்தினேன். "காசு ஆர் தருவினம்?" என்றார். வரும்போது ஐந்து ரூபாய்க் குற்றி ஒன்று கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
ஒட்டுசுட்டான் வாக்காளர் ஒருவர்