செம்மண்ணும் தங்க ஐந்தும்

அன்புள்ள குமார்,

கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. நியூஜெர்சியில் மகள் வீட்டில் எல்லோரும் நலம். குளிர் குறைந்துவிட்டதால் தினமும் நடக்கப் போகிறேன்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். குறுந்தொகையின் நாற்பதாம் பாட்டைக் கொடுத்து வரையச் சொன்னால், உன் வகுப்பில் பெரும்பாலோர் மழையில் நனையும் காதலர்களை வரைந்தார்கள். ஒரு பெண் மட்டும் ஆளே இல்லாமல் தாள் முழுக்கச் செம்மண் நிறத்தை ஓடவிட்டிருந்தாள். எது பாட்டுக்குப் பொருத்தம் என்று கேட்டிருந்தாய்.

எனக்கு அந்தப் பெண்ணின் படம்தான். ஐந்து அடிப் பாட்டு அது. முதல் மூன்று அடியும் கேள்விகள்: உன் தாயும் என் தாயும் யார் யாரோ, தந்தையர் எந்த வகையில் உறவு, நீயும் நானும் எப்படி அறிந்தோம். கண்ணால் பார்க்கக் கூடியதாகப் புலவர் தருவது 'செம்புலப் பெயல்நீர்', அதாவது செம்மண்ணில் பெய்த மழைநீர், ஒன்றுதான். அந்த நீரைப் போல நெஞ்சங்கள் கலந்துவிட்டன என்று பாட்டு முடிகிறது. அந்தக் காட்சியே அவருக்குப் பெயராகவும் நின்றுவிட்டது. தலைவனுக்கும் தலைவிக்கும் முகம், உடை எதுவும் அவர் சொல்லவில்லை. கோடு போட்டு இரண்டு உருவங்களை வரைந்தவுடன் அவர்கள் தனித்தனி ஆகிவிடுகிறார்கள். பாட்டு சொல்வதோ அந்தக் கோடு அழிந்துபோனதை.

இன்னொன்றும் கவனி. அவள் வரைந்ததை அரூபம் என்று எழுதியிருக்கிறாய். ஆனால் சொல்லுக்குச் சொல் பாட்டை வரைந்தவள் அவள்தான்! மழை விழுந்தது, மண்ணின் நிறம் நீருக்கு வந்தது, இனிப் பிரிக்க முடியாது. ஈரத் தாளில் நீர்வண்ணம் அந்த வேலையைத் தானே செய்துவிடும்.

கவிதையைப் படமாக்குவதற்கு இங்கே இன்னொரு உதாரணம் பார்த்தேன். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் அமெரிக்க ஓவியர் சார்லஸ் டெமூத் 1928இல் வரைந்த படத்தின் முன் வெகுநேரம் நின்றேன். அவருடைய நண்பரான கவிஞர் வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ் 1921இல் வெளியிட்ட ஒரு சின்னக் கவிதைதான் அதற்கு மூலம். மழை இரவில் மணி ஒலிக்க விரையும் சிவப்புத் தீயணைப்பு வண்டி. அதன்மேல் பொன்னிறத்தில் 5 என்ற எண். டெமூத் வண்டியை வரையவே இல்லை. சிவப்புப் பரப்புகள், சாய்ந்த சாம்பல் கீற்றுகள், தெருவிளக்கின் வெள்ளை வட்டங்கள். நடுவே ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று தங்க ஐந்துகள். அந்த எண் நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. கவிஞர் இறுகப் பற்றிய ஒன்றை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் வேகமாகவும் ஓசையாகவும் மாற்றிவிட்டார். நண்பரின் செல்லப் பெயரான 'பில்'லையும் படத்தின் உச்சியில் எழுதியிருக்கிறார். ஃபிலடெல்ஃபியாவில் மாணவர்களாக இருந்தபோது ஒரு விடுதியில் அறிமுகமானவர்கள் இருவரும். அதைப் படித்தபோது நம் ஞாபகம் வராமல் இருக்குமா?

அதற்காகக் காதலர்களை வரைந்த பிள்ளைகளைக் குறைத்துச் சொல்லிவிடாதே. ஜெயதேவரின் வடமொழிக் காவியமான கீதகோவிந்தத்தின் முதல் செய்யுளில் வானம் மேகத்தால் கறுத்திருக்கும், காடு மரங்களால் இருண்டிருக்கும். இமயமலைப் பகுதியின் பஹாரி ஓவியர்கள் அந்த மேகத்தையும் மரத்தையும் ராதையையும் கண்ணனையும் சொன்னபடியே வரைந்தார்கள். இலை இலையாக வரைந்தும் அந்த இருட்டின் அணைப்பு படத்தில் இருக்கிறது. உருவம் வந்தால் கவிதை போய்விடும் என்று நான் நம்பவில்லை. வேறொரு மழைப் பாட்டுக்கும் இந்தப் படத்தை அப்படியே ஒட்டலாமா என்று அந்தப் பிள்ளைகளைத் தங்களையே கேட்டுக்கொள்ளச் சொல். ஒட்டலாம் என்றால் இன்னும் இந்தப் பாட்டுக்குள் போகவில்லை என்று அர்த்தம். வெறும் நிறத்தை இழுப்பவர்களுக்கும் அதே கேள்விதான்.

அப்புறம், அந்தப் பெண்ணிடம் கேட்டு, அவள் சம்மதித்தால் படத்தைத் தபாலில் அனுப்பு. வாட்ஸ்அப்பில் வேண்டாம், செம்மண் நிறம் ஆரஞ்சாகத் தெரியும். அம்மாவுக்கு என் வணக்கம். கண்ணுக்குச் சொட்டு மருந்தை நேரத்துக்கு விடு.

அன்புடன்,
ரவி